வேறொரு வாசகரிடம் உள்ளது

எங்கள் அறைக்குப் படிக்க வருகிறவர்களைவிடத் தூங்க வருகிறவர்கள் அதிகம். குளிர் அளவாக இருக்கும், சத்தம் இருக்காது, நாற்காலிக்குக் கை இருக்கும். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவது என் வேலைகளில் ஒன்று. அதனால், கதவு திறப்பதற்கு முன்பே ஒருவர் வந்து நின்று, மூடும்வரை கண்ணயராமல் ஒரே புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. மனிதர்கள் அப்படிப் படிப்பதில்லை.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தின் இரண்டாவது மாடி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆறு கணினிகள், என் மேசை, ஒரு டப்பா நிறையப் பென்சில். பேனா கூடாது, பை கூடாது, போன் கூடாது. எல்லாவற்றையும் கீழே செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். கணினிகளில் பென்டிரைவ் செருகும் ஓட்டைகளைப் பசை ஊற்றி அடைத்திருக்கிறோம்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ஒரு சட்டம். யார் எதை வெளியிட்டாலும் ஒரு பிரதியை எங்கள் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். முதலில் காகிதத்துக்கு மட்டும் இருந்தது. பிறகு மின்னூல், இணைய இதழ் என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. வாங்கி வைப்பது சுலபம், காட்டுவதில்தான் சிக்கல். விற்பனையில் இருப்பதை நாங்கள் ஊருக்கெல்லாம் சும்மா திறந்துவிட்டால் வெளியிட்டவன் பிழைப்பு என்ன ஆவது? ஆகவே படிக்கிறவர் நேரில் வர வேண்டும். எங்கள் திரையில்தான் பார்க்க வேண்டும். பிரதி எடுக்க முடியாது, வேண்டுமானால் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். முக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு நூல் ஒரு திரையில்தான் திறக்கும். காகிதப் புத்தகம் ஒருவர் கையில் இருந்தால் அடுத்தவர் காத்திருப்பார் இல்லையா, அதே கணக்கு. இரண்டாவது ஆள் கேட்டால் திரையில் ஒரு வரி வரும்: ‘இந்நூல் இப்போது வேறொரு வாசகரிடம் உள்ளது.’

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த வரியை நான் யார் திரையிலும் பார்த்ததில்லை. எங்களிடம் இருப்பவற்றில் பாதியை ஒருவர் கேட்டாலே அதிசயம். இரண்டு பேர் கேட்பதற்கு வாய்ப்பே கிடையாது.

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழு வழுக்கை. டைல்ஸ் கடையில் மேலாளர் என்று உறுப்பினர் அட்டையில் இருந்தது. மூன்றாம் நம்பர் கணினியைத்தான் கேட்பார். அதற்குப் பின்னால் சுவர். யாரும் நின்று எட்டிப்பார்க்க முடியாது. அங்கிருந்து வாசலும் தெரியும். யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்பது என் மேசைத் திரையில் வரும். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். நூலாசிரியர் பெயரும் வாசகர் பெயரும் ஒன்றுதான்.

அதில் அதிசயம் இல்லை. தான் எழுதியது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் உண்டு. திறப்பார்கள், தன் பெயரைப் பார்ப்பார்கள், கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். இவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

பத்து நிமிடம் பக்கம் திருப்பாமல் விட்டால் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். தூங்குகிறவர்களுக்காக வைத்த ஏற்பாடு அது. இவர் ஒருமுறைகூட மூடவிட்டதில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் முதல் பக்கத்துக்குப் போவார். சாப்பிடப் போவதில்லை. கழிப்பறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்வருவார். செக்யூரிட்டி அண்ணன் அவருக்கு அடைகோழி என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் நான் டீக்கு இறங்கும்போது, “மேல அடைகோழி உக்காந்தாச்சா? குஞ்சு எப்பப்பா பொரியும்?” என்று கேட்பார்.

அந்த வாரம் எங்கள் மாடிக் கழிப்பறையில் குழாய் உடைந்து பூட்டுப் போட்டுவிட்டார்கள். கீழ்த்தளத்துக்குத்தான் போக வேண்டும், திரும்பி வரும்போது மறுபடி சோதனை. அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஒரு நாள் என் மேசைக்கு வந்து, கீழே போய்வருவதாகவும் நடுவில் ஒரே ஒரு பக்கத்தைத் தள்ளிவிட முடியுமா என்றும் கேட்டார். மூடிக்கொண்டால் மறுபடி திறந்து, விட்ட இடத்தைத் தேட வேண்டுமாம். பாவமாக இருந்தது. செய்தேன்.

தள்ளியதும் எந்தப் பக்கம் வந்ததோ அதைப் படித்தேன். கண் முன்னால் எழுத்து இருந்தால் படிக்காமல் இருக்க முடியாது. படுக்கையில் கிடக்கும் அப்பாவை அக்கா எப்படிப் புரட்டுவாள் என்று எழுதியிருந்தார். விரிப்பை மடித்து முதுகுக்குக் கீழே திணிப்பது, முட்டியை மடக்குவது, கைகளைப் பிணத்துக்கு வைப்பது போல மார்பின் குறுக்கே வைப்பது, கட்டிலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு விரிப்போடு சேர்த்து இழுப்பது. ‘சந்தையில் மூட்டையை இப்படித்தான் புரட்டுவார்கள். அப்பா ஒரு மனிதர் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.’ அடுத்த பத்தியில், அப்பா முனகியதற்கு அவள் ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு ஒரு பக்கம் முழுக்க உவமைகள்.

எழுத்து மோசம் என்று சொல்ல முடியாது. கையில் கத்தி கிடைத்தவன் கண்டதையெல்லாம் சீவிப் பார்த்தது போல இருந்தது. மூச்சுவாங்கத் திரும்பி வந்தவர் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்ததும் சட்டென்று இரண்டு தட்டுத் தட்டி அதைக் கடந்து போனார். நன்றி சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வந்தாள்.

இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். சட்டைக் கையில் இளஞ்சிவப்பாக மருந்து காய்ந்த கறை. உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஐந்தாம் நம்பரில் புத்தகத்தின் பெயரைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் அந்த வரியை முதன்முதலாக ஒரு திரையில் பார்த்தேன்.

“அண்ணா, இது ஏதோ தப்பா வருது. எங்க சொந்தக்காரங்களே காசு குடுத்து வாங்காத புத்தகம் இது. இதுக்கு வரிசை நிக்குதா?”

தவறு இல்லை, யாரோ படிக்கிறார்கள் என்றேன். யார் என்று கேட்டாள். சொல்லக்கூடாது. யார் என்ன படிக்கிறார்கள் என்பதை எவரிடமும் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் இந்த வேலைக்கு எடுத்தார்கள். இருப்பது ஆறு கணினி, அன்றைக்கு வந்திருந்தது நாலு பேர். அதில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நினைத்திருந்தால் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவில்லை. மூன்றாம் நம்பரைப் பார்த்தேன். அவர் தலை திரைக்குப் பின்னால் முழுவதும் மறைந்திருந்தது. விளையாட்டில் ஒளிந்துகொண்ட குழந்தை மாதிரி இருந்தது.

காத்திருந்த நேரத்தில் அவளாகவே சொன்னாள். அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் வராது, பேச்சும் போய்விட்டது. அப்பா இல்லை. வீட்டில் இவள் ஒருத்திதான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்துகொள்வார், அந்த நேரத்தில்தான் இவள் வெளியே வர முடியும். இவளுடைய அம்மாவே ஒரு காலத்தில் தன் அப்பாவை மூன்று வருடம் படுக்கையில் வைத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டவளாம்.

“எப்படிப் பாத்துக்கிட்டேன்னு கேட்டா சொல்ல அம்மாவுக்கு வாய் இல்ல. மாமா எழுதின புத்தகத்துல எல்லாம் வருதுன்னு அத்தை சொன்னாங்க. மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு பிரதிகூட இல்லன்னாரு. உங்ககிட்ட இருக்குன்னு நானே தேடிக் கண்டுபிடிச்சு அதையும் சொன்னேன். அதுக்கு பதிலே இல்ல.”

மாமா எப்படி இருப்பார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. சின்ன வயதில் பார்த்ததோடு சரி, தலை நிறைய முடி இருந்தது மட்டும் ஞாபகம் என்றாள். இப்போது போனில் அவர் படத்துக்குப் பதில் சூரிய உதயம்தான் இருக்கிறதாம்.

பன்னிரண்டு மணி வரை இருந்துவிட்டுப் போனாள். போகும்போது பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள், கூர் மழுங்காமல்.

நான் மேடத்திடம் போனேன். மேடம் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். சட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், சிரிக்காமலே கிண்டல் செய்பவர். ஒருவர் ஒரு நூலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று கேட்டேன். வரம்பு எதுவும் எழுதப்படவில்லை என்றார். எழுதியவர்களுக்கு அந்த அவசியம் தோன்றியிருக்காது. பிறகு, மூன்றாம் நம்பர்தானே என்று அவரே கேட்டார். புத்தகத்தை நீக்கச் சொல்லி அவர் ஏற்கெனவே மேடத்தைப் பார்த்திருக்கிறார். விற்பனையிலிருந்து எடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது, தன்னிடமே பிரதி இல்லை, அழித்துவிட்டேன், நீங்களும் அழித்துவிடுங்கள் என்றிருக்கிறார். ஒப்படைத்ததை நீக்க முடியாது, நூறு வருடம் கழித்து வருகிறவனுக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று மேடம் விளக்கியிருக்கிறார்.

“அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? நூறு வருஷம் கழிச்சு வர்றவன் படிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நாளைக்கே வர்றவதான் பிரச்சினைன்னார்.”

மேடம் அதைச் சொல்லிவிட்டுக் கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். விதிப்படி அவர் படிக்கிறார், விதிப்படி அவள் காத்திருக்கிறாள், நமக்கு இதில் வேலை இல்லை என்பது அதன் பொருள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதது தப்பு ஆகிவிடாது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். அதே வரி. மத்தியானம் வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பிடித்தேன். புத்தகம் மூட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது, அவர் அதைக் கையில் கட்டிய கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவ மூஞ்சியப் பாத்தல்ல தம்பி. அப்படியே எங்க அக்கா. கதவைத் திறந்துக்கிட்டு வந்தப்ப எனக்கு நெஞ்சு நின்னு வந்துச்சு.”

படித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கசக்கினார். புத்தகம் வந்தபோது அக்கா படித்துவிட்டாள், அன்றோடு பேச்சை நிறுத்தினாள் என்றார். சண்டை போடவில்லை, திட்டவில்லை, வெறுமனே நிறுத்திவிட்டாள். அது நியாயம்தான், அந்தக் கணக்கு அவர்கள் இரண்டு பேருக்குள் முடிந்தது. இப்போது அந்தப் பெண் படித்தால் என்ன நினைப்பாள்? தினமும் காலையில் அந்த உடம்பைத் தொட்டுக் கழுவித் துடைக்க வேண்டியவள். ‘இவள் தன் அப்பாவை அறைந்தவள்’ என்று தெரிந்த பிறகு அந்தக் கை எப்படி வேலை செய்யும்?

“அக்காவால இப்ப இல்லன்னு சொல்லக்கூட முடியாது. நான் எழுதினது மட்டும்தான் பேசும்.”

நியாயமான பயம்தான். அதற்காக லீவு போட்டு, சம்பளம் வெட்டுப்பட்டு, சர்க்கரை உடம்போடு பட்டினி கிடந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் எழுதியதை யாராவது படித்தால் போதும் என்று அலைந்திருப்பார். அரசாங்கமே கேட்டு வாங்கிக்கொண்டது என்று சொல்லிக்கூடத் திரிந்தாராம், அதை அவரே சொன்னார். இப்போது ஒரே ஒரு வாசகி தேடி வந்திருக்கிறாள். அவளைத் தடுக்க அவர் தன் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்பப் படித்ததில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். நான் கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லா இடத்துலயும் நான் கதவுகிட்டயே நிக்கிறேன் தம்பி,” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே ஓடினார்.

அடுத்த செவ்வாயும் அப்படியே போனது. அவள் ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து வேறு எதையோ புரட்டிக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அவர் மூன்றாம் நம்பரில் பக்கம் திருப்பினார். இரண்டு பேருக்கும் நடுவில் நாலாம் நம்பர் காலியாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அண்ணா, பக்கத்து வீட்டு அம்மா நாளைக்கு மகள் ஊருக்குப் போறாங்க. வர மாசக்கணக்கா ஆகும். இன்னைக்கு விட்டா அப்புறம் நான் எப்ப வருவேன்னே தெரியாது. படிக்கிறவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்ல முடியாதா? அரை மணி நேரம் போதும்.”

சொல்ல முடியும். விதியில் தடை இல்லை. மூன்றாம் நம்பருக்குப் போய், இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றைக்கு மட்டும் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையை அசைத்தார். முடியாது. கை மவுஸைப் பிடித்திருந்த பிடியில் விரல் நுனி வெளுத்திருந்தது.

அவளிடம் போய் மன்னிக்கச் சொன்னேன். அவள் பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்று சொல்லிப் பழகிய குரல் அது.

பதினோரு மணிக்கு மேல் அவர் எழுந்தார். காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார், நடையிலேயே தெரிந்தது. மாடிக் கழிப்பறை இன்னும் பூட்டியே கிடந்தது. என் மேசைப் பக்கம் குனிந்து, வழக்கம் போல, “ஒரே ஒரு பக்கம் தம்பி,” என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குப் பார்க்க நேரமும் இல்லை.

அவர் எழுந்தபோதே கடைசியாகப் பக்கம் திருப்பிப் பாதி நேரம் போயிருந்தது. என் திரையில் மூன்றாம் நம்பருக்கு நேராக நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. எழுந்து போய் ஒரு விரலால் தட்டினால் முடிந்தது. அங்கிருந்து மூன்றாம் நம்பர் நாலு எட்டு. நான் பென்சில் சீவினேன். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் சீவினேன், கூராக இருந்ததையும்.

எண் பூஜ்யமானது. மூன்றாம் நம்பர் வெளுத்தது.

ஐந்தாம் நம்பரில் அவள் தலை நிமிர்ந்தது. இந்த முறை தட்டியதும் புத்தகம் திறந்திருந்தது. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் வந்தார். சட்டை, நெற்றி எல்லாம் நனைந்திருந்தது. உட்கார்ந்தார், தட்டினார். அந்த வரி அவருக்கு வந்தது. ‘இந்நூல் இப்போது வேறொரு வாசகரிடம் உள்ளது.’ அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. முதன்முறையாக அவருக்குச் செய்ய எதுவும் இல்லை.

அவள் ஒரே மூச்சில் படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். வெகுநேரம் பக்கம் நகரவில்லை. மூடிக்கொள்ளுமோ என்று என் திரையில் நிமிடங்களைப் பார்த்தேன். பிறகு என்னிடம் வந்து பென்சிலும் தாளும் வாங்கிப் போனாள். குனிந்து எழுதினாள். நிமிர்ந்து திரையைப் பார்ப்பாள், எழுதுவாள். மூன்றாம் நம்பரில் இருந்தவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைந்ததைத்தான் எழுதுகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடித்துவிட்டுப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தாள். பின்னாலேயே அவர் வந்து நின்றார்.

“பாப்பா.”

அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், அவர் வந்த மூன்றாம் நம்பரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

“போட்டோல சூரியன் இருந்துச்சு. அதான் தெரியல மாமா.”

“அது… அது சும்மா வெச்சது.” பிறகு, “படிச்சிட்டியா?” என்றார்.

“ம்.”

“அம்மாவைத் தப்பா நினைச்சிடாத. அப்படி எழுதினவன் நான்.”

அவள் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள். அறையில் தூங்குகிற கிழவரைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போன வாரம் நானும் அடிச்சேன் மாமா. கையில. மூணு தடவை மருந்தைத் துப்பிட்டாங்க, நாலாவது தடவை அடிச்சிட்டேன். அவங்க என்னையே பாத்தாங்க. அன்னைக்கிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. இப்பத் தெரியுது, அம்மாவுக்கும் இது தெரியும்னு.”

இத்தனை நாள் அவர் பயந்து தள்ளிப்போட்டது இந்தக் கணத்தைத்தான். அது இப்படி இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். நானும்தான்.

அவள் தாளை விரித்துக் காட்டினாள். அறைந்தது அதில் இல்லை. உவமை ஒன்றுகூட இல்லை. விரிப்பை எப்படி மடிப்பது, எங்கே திணிப்பது, கையை எங்கே வைப்பது, காலை எங்கே ஊன்றுவது. மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, அவருடைய ஒரு பக்கத்திலிருந்து வேலையை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தாள்.

“நான் அக்குள்ல கை குடுத்துத் தூக்குவேன். அவங்களுக்கும் வலிக்கும், என் இடுப்பும் போகும். இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டினாங்க, புரியவே இல்ல. நீங்க நல்லா எழுதியிருக்கீங்க.”

இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட முடியாது. அவள் திட்டவில்லை என்பதுதான் விஷயம்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. அம்மா இதெல்லாம் பண்ணினப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கதவுகிட்ட.”

“மூணு வருஷமும்?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மணியைப் பார்த்தாள், தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை வாங்க. காலையில வாங்க, அப்பத்தான் படுக்கையை மாத்துவேன். இதுக்கு ரெண்டு பேர் இருந்தா நல்லது.” நாலு அடி போய்த் திரும்பி, “உள்ள வரணும் மாமா,” என்றாள். கண்ணாடிக் கதவு தானாக மூடியது.

அவர் என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “கழிப்பறையை எப்பப்பா சரி பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் காலி. செக்யூரிட்டி அண்ணன், “கோழி எழுந்து போயிடுச்சா?” என்றார். தெரியாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். காலையில் இல்லை, பத்து மணிக்கு மேல். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். மூன்றாம் நம்பரைக் கேட்கவில்லை. எது காலியோ அதைக் கொடு என்றார். பென்சிலும் தாளும் கேட்டார்.

“மறுபடியுமா சார்?” என்றேன்.

“பாப்பா ஒண்ணை எழுதாம விட்டுட்டா. எந்த முட்டியை மடக்குறதுன்னு. ஞாயித்துக்கிழமை தப்பான காலை மடக்கிட்டு இழுத்தோம், அக்கா நகரவே இல்ல. என் இடுப்புதான் நகர்ந்துடுச்சு.”

எழுதியவருக்கே மறந்துவிட்டதா, இத்தனை நாள் திரும்பத் திரும்பப் படித்தீர்களே என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் வந்தாலே ரெண்டு தட்டுத் தட்டித் தாண்டிடுவேன். நீ பாத்தியே.”

அக்கா என்ன சொன்னார் என்று கேட்க வந்தேன். அந்த அம்மாவுக்குப் பேச்சு வராது என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினேன். அவரே சொன்னார். இவர் உள்ளே போனதும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். தலையைத் திருப்ப அவளால் முடியும், அதைச் செய்தாளாம். தப்பான காலை மடக்கியபோதுதான் இந்தப் பக்கம் திரும்பினாளாம்.

“நல்ல கையால என் முதுகுல ஒண்ணு வெச்சா. பலமா ஒண்ணும் இல்ல. ஆனா வெச்சா.”

அது கோபமா வேறு ஏதாவதா என்று அவருக்கும் தெரியவில்லை.

உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்துக்கு நேராகப் போனார். திரையை ஒட்டிக் குனிந்து, தான் எழுதிய வரியை, கடையில் சரக்கு எண்ணைக் குறித்துக்கொள்வது போல, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதிக்கொண்டார். ‘அவள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க முட்டி.’ அடியில் கோடு போட்டார். எழுத்துக் கோணலாக இருந்தது, பென்சிலால் எழுதிப் பல வருடம் ஆகியிருக்கும்.

பிறகு, வலது மூலையில் இருக்கிற ‘முடித்துவிட்டேன்’ பொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் இதுவரை அழுத்தியதே இல்லை. நான்தான் போய்க் காட்டினேன்.